ஜைத்தூன் நகரில் ஒரு தமிழ்க் கல்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்பச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம். 



செருப்புக் கடைக்காரன் ஒருவனை மேடையில் ஏற்றி, சீனாவைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சீனா என்றதும் நம் மேடைகளில் வழக்கமாக ஒரு சொல்லை எடுத்துச் சொல்வார்கள். அதன் தரம் என்ன என்பதை இங்கே அமர்ந்திருக்கும் ஹஜ்ரத்மார்கள் சொல்லட்டும். நான் அதற்குள் போகவில்லை. நான் கல்வி தேடிப் போனவனும் இல்லை. செருப்பு வாங்கப் போனேன். போன இடத்தில் சில கற்களைப் பார்த்தேன். அந்தக் கற்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

குவாங்சோ நகரில் ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கும் பெரிய வணிகக் கண்காட்சியை உங்களில் பலர் அறிவீர்கள். நம் மாவட்டத்திலிருந்தும் ஆட்கள் போய் வருகிறார்கள். நானும் அங்கேதான் போனேன். செருப்பு, ஷூ தொழிற்சாலைகள் நிறைய இருப்பது ஜின்ஜியாங் என்ற ஊரில். அது சுவான்சௌ என்ற துறைமுக நகரத்தைச் சேர்ந்தது. ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சிலர் இதையும் ‘குவான்சோ’ என்று படித்து, இரண்டும் ஒரே ஊர் என்று நினைத்துவிடுகிறார்கள். இது வேறு ஊர். தைவானுக்கு எதிர்க்கரையில், ஃபூஜியான் மாகாணத்தில் இருக்கிறது.

நம் முன்னோர்கள் இந்த ஊரை வேறு பெயரில் அறிந்திருந்தார்கள். அரபு வணிகர்கள் இதை ‘ஜைத்தூன்’ என்றார்கள். ஜைத்தூன் என்றால் ஆலிவ் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த ஊரில் ஆலிவ் கிடையாது. ஊரைச் சுற்றிச் சீனர்கள் ஒரு மரம் நட்டிருந்தார்கள். அதற்குச் சீனத்தில் ‘சித்தோங்’ என்று பெயர். அந்த ஓசைதான் அரபு நாவில் ஜைத்தூன் ஆனது. அது என்ன மரம் தெரியுமா? நம் வெற்றிலைக் கொடிக்காலில் நிற்கிற கல்யாண முருங்கை. சளிக்கு இலையை அரைத்து அடை சுட்டுக் கொடுப்பார்களே, அதே மரம். இவ்வளவு தூரம் வந்து நம் வேலி மரத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

உலகத்தின் கடைவீதி

அந்த ஊரின் பழைய நிலையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1087இல் சீன அரசு அங்கே கடல் வணிகத்துக்கென்று தனி அலுவலகம் திறந்தது. இன்றைய சுங்க அலுவலகம் மாதிரி. வருகிற கப்பலைப் பதிவு செய்வது, சரக்கைப் பார்ப்பது, வரி எடுப்பது எல்லாம் அங்கேதான். அதற்குப் பின் சுமார் 300 ஆண்டுகள் அது உலகத்தின் மிகப் பெரிய துறைமுகங்களில் ஒன்றாக இருந்தது. அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால் ஜைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்று மார்க்கோ போலோ சொன்னார். 1340களில் அங்கே போன இப்னு பதூதா, உலகிலேயே பெரிய துறைமுகம் என்று சொன்னாலும் தகும் என்றார். நூறு பெரிய கப்பல்களைப் பார்த்ததாகவும், சிறியவற்றுக்குக் கணக்கில்லை என்றும் எழுதினார்.

இதெல்லாம் பயணிகள் கதை என்று நினைக்க வேண்டாம். 1974இல் அந்த ஊர்க் கடலோரச் சேற்றிலிருந்து ஒரு பழைய மரக்கப்பலைத் தோண்டி எடுத்தார்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கிய கப்பல். எஞ்சியிருக்கிற பகுதியே 24 மீட்டர் நீளம். அடித்தட்டு 13 அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தாலும் கப்பல் மூழ்காமல் இருக்க அந்த ஏற்பாடு. உள்ளே வாசனைக் கட்டை, சாம்பிராணி, மிளகு எல்லாம் இருந்தன. சரக்கு யாருடையது என்று எழுதிக் கட்டிய மரத் துண்டுகளும் இருந்தன. இன்று நாம் பார்சலில் ஒட்டுகிற லேபிள்தான்! 700 ஆண்டுகள் சேற்றில் கிடந்தும் அந்த எழுத்து நின்றிருக்கிறது. இதை மனதில் வையுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

2021இல் யுனெஸ்கோ இந்த ஊரின் 22 இடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

நமக்கும் அந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

நம் கிழக்குக் கரையை அரபுகள் ‘மஃபர்’ என்று அழைத்தார்கள். கடந்து போகும் இடம் என்று பொருள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் எல்லாம் இருக்கிற இந்தக் கரை அதில் அடங்கும். கடலோரம் மட்டுமல்ல, உள்நாட்டிலும் வணிகம் இருந்தது. நம் மாவட்டத்திலேயே விராலிமலைப் பக்கம் இருக்கிற கொடும்பாளூர், மணிக்கிராமம் என்ற வணிகர் குழுவின் பெரிய மையம். அந்த மணிக்கிராமத்தின் பெயர் தாய்லாந்தில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டிலும் இருக்கிறது. பக்கத்துத் தஞ்சை மாவட்டத்தில் சீனக் காசுகள் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. ராமநாதபுரம் பெரியபட்டினத்தில் அகழாய்வு செய்தபோது சீனப் பீங்கான் ஓடுகள் குவியலாக வந்தன.

சுவான்சௌ அருங்காட்சியகத்தில் ஒரு புடைப்புச் சிற்பம் பார்த்தேன். யானை ஒன்று சிவலிங்கத்தை வணங்குகிறது. திருச்சிப் பக்கத்து ஆட்களுக்கு உடனே புரியும், அது திருவானைக்காக் கதை. சீனாவில் செதுக்கிய கல்லில் காவிரிக் கரையின் கதை! 1956இல் அந்த ஊரில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் கிடைத்தது. 1281ஆம் ஆண்டு, சித்திரை மாதம், சித்ரா பவுர்ணமி நாள் என்று தேதி இருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர், சீனத்து மன்னர் கானின் உடல்நலம் வேண்டி, அவருடைய ஆணையின்படி அங்கே ஒரு சிவன் கோயிலை நிறுவிய செய்தி அது. அப்போது சீனாவை ஆண்டவர் குப்ளாய் கான்.

அதற்கு 14 ஆண்டுகள் முன்பு, 1267இல், நாகப்பட்டினத்தில் சீனர்கள் ஒரு கோபுரம் எழுப்பியிருந்தார்கள். சீன எழுத்து பொறித்த கோபுரம். இங்கே அவர்கள் கட்டினார்கள்; அங்கே நம்மவர்கள் கட்டினார்கள். போன ஊரில் ஆளுக்கு ஓர் இடம் கிடைத்தது. நாகப்பட்டினத்துக் கோபுரம் இன்று இல்லை; 1867இல் இடித்துவிட்டார்கள்.

கோயில் கட்டிய தமிழரும், பள்ளிவாசலில் தொழுத தமிழரும் ஒரே காற்றை நம்பித்தான் கப்பல் ஏறினார்கள். அதற்கு ஒருவர் கதை சாட்சி. சையித் அபூ அலீ என்பவர், மஃபரில் பாண்டிய அரசில் அமைச்சராக இருந்த முஸ்லிம். அவருடைய முன்னோர்கள் ஓமான் நாட்டுக் கல்ஹாத்திலிருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். குப்ளாய் கானின் தூதர்கள் இங்கே வந்தபோது அவர்களோடு நட்பு வைத்தார். அதனால் இங்கே சிக்கல் வந்து, சீனாவுக்கே போய்விட்டார். அரசர் அவருக்குக் கொரிய நாட்டுப் பெண்ணை மணமுடித்து வைத்தார். 1299இல் தலைநகரில் மவுத்தானார். உடலைச் சுவான்சௌவுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள்.

அந்த ஊரில் இருந்த நாட்களில் அவருடைய கப்ரு எங்கே என்று விசாரித்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அப்படியானால் இவர் கதை நமக்கு எப்படித் தெரியும்? அவருடைய நினைவுக் கல்லுக்காக ஒரு சீன அறிஞர் எழுதிய வாசகம், அந்த அறிஞரின் நூல்தொகுப்பில் இருந்தது. ஒருவர் எழுதி வைத்தார். அதனால் 700 ஆண்டுகள் கழித்து இந்த மண்டபத்தில் நாம் அவர் பெயரைச் சொல்கிறோம்.

கூரை இல்லாத பள்ளி

ஜும்ஆவுக்குப் போனேன். பள்ளிவாசல் துமென் என்ற பெரிய தெருவில் இருக்கிறது. அதே தெருவில், பள்ளிக்குப் பக்கத்திலேயே சீனர்களின் கோயில். அங்கே ஊதுவத்திப் புகை, இங்கே தொழுகை. ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லை.

பள்ளியின் பழைய பெயர் ‘மஸ்ஜிதுல் அஸ்ஹாப்’. சீனத்தில் சிங்ஜிங் பள்ளி, தூய்மையான இடம் என்று பொருள். வாசலில் கல்லாலான உயரமான வளைவு நிற்கிறது. ஹிஜ்ரி 400இல், அதாவது 1009 வாக்கில் கட்டப்பட்டதையும், 1310 வாக்கில் ஒருவர் புதுப்பித்ததையும் அங்கே அரபியில் கல்வெட்டாகப் பொறித்திருக்கிறார்கள். கட்டியவர், புதுப்பித்தவர், ஆண்டு எல்லாம் தெளிவாக இருக்கின்றன.

உள்ளே போனால் பழைய தொழுகைக் கூடத்துக்குக் கூரை இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. நான்கு பக்கமும் கற்சுவர். தலைக்கு மேல் வானம். சுவரில் குர்ஆன் வசனங்கள் செதுக்கியிருக்கின்றன. மிஹ்ராப் இருக்கிற சுவர் மேற்கே. கிப்லா அங்கும் மேற்குதான். நம் ஊரில் எந்தப் பக்கம் நிற்பேனோ அதே பக்கம் நின்றபோது மனதுக்கு ஒரு நிம்மதி வந்தது. சொல்லத் தெரியவில்லை. ஜும்ஆ பக்கத்திலுள்ள இன்னொரு கட்டடத்தில் நடந்தது. தொழுகை முடிந்து ஒரு பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. ஸலாம் ஒன்றே போதுமானதாக இருந்தது.

அங்கே இன்னொரு கல் இருக்கிறது. 1407இல் சீனப் பேரரசர் யோங்லே பிறப்பித்த ஆணை. முஸ்லிம்களை எந்த அதிகாரியும், படைவீரரும், பொதுமக்களும் துன்புறுத்தக் கூடாது, மீறினால் தண்டனை என்று சொல்லும் ஆணை. அந்தப் பேரரசர்தான் தளபதி செங் ஹ என்பவரைக் கப்பற்படையோடு நம் கடலுக்கு அனுப்பியவர். செங் ஹ முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஊருக்கு வெளியே லிங்ஷான் குன்றில் பழைய கப்ருஸ்தான் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்திலேயே வந்த இருவர் அங்கே அடங்கியிருப்பதாக அந்த ஊர் முஸ்லிம்களின் பரம்பரைச் செய்தி. 1417இல் செங் ஹ கடல் பயணத்துக்கு முன் அங்கே வந்து போனதையும் ஒரு கல் சொல்கிறது.

இதே செங் ஹ, நமக்குப் பக்கத்தில் இலங்கையின் காலி நகரத்தில் ஒரு கல்லை நாட்டினார். 1409 என்று தேதியிட்ட கல். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கடல் வணிகத்தில் அன்று தமிழுக்கு என்ன இடம் இருந்தது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

வணிகர்கள் கொடுத்தது

இனி இந்த அறக்கட்டளைக்கு வேண்டிய செய்திக்கு வருகிறேன். இப்னு பதூதா மதுரை சுல்தானின் உறவினர். டெல்லியில் அவர் மணந்த ஒரு பெண், சுல்தானின் மனைவிக்குச் சகோதரி. நம் பக்கத்துக்கு வந்து, காய்ச்சலில் விழுந்து, பிழைத்து, பிறகு சீனா போனார். ஜைத்தூனில் யார் யாரைச் சந்தித்தார் என்று எழுதியிருக்கிறார். அவர்களில் ஒருவர் தப்ரீஸ் ஊர் வணிகர் ஷரஃபுத்தீன். இப்னு பதூதா முதன்முதலில் இந்தியா வந்தபோது அவருக்குக் கடன் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். கொடுக்கல் வாங்கலில் நேர்மையானவர், குர்ஆனை மனனம் செய்தவர் என்று நன்றியோடு நினைவுகூர்கிறார்.

அந்த ஊர் வணிகர்களைப் பற்றி அவர் சொல்கிற ஒரு செய்தி முக்கியமானது. ஒரு முஸ்லிம் புதிதாக வந்து இறங்கினால் அவர்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சியாம். தங்கள் ஜகாத்தை அவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். வந்தவரும் அவர்களில் ஒருவரைப் போல் வசதியாகிவிடுவாராம். யோசித்துப் பாருங்கள். இன்று நம் பிள்ளை துபாயிலோ மலேசியாவிலோ இறங்கினால் முதல் மாதம் எங்கே தங்குவது, யாரைப் பார்ப்பது என்று திண்டாடுகிறானே! நம் முன்னோர்கள் பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளியைக் கட்டினார்கள், சிங்கப்பூரில் ஜாமிஆ சூலியா பள்ளியைக் கட்டினார்கள் என்றால், அதுவும் இந்த வழக்கத்தின் தொடர்ச்சிதான். போன இடத்தில் தனக்கு மட்டும் சம்பாதிக்கவில்லை. பின்னால் வருகிறவனுக்கும் இடம் போட்டு வைத்தார்கள்.

இன்னொரு செய்தி. பாரசீகத்தில் காஸரூன் என்ற ஊரில் ஒரு தர்மசாலை இருந்தது. ஜைத்தூனிலும் அதன் கிளை இருந்தது. சீனக் கடலில் புயலோ கொள்ளையரோ வந்து பயம் பிடித்தால், வணிகர்கள் அந்தப் பெரியாரின் பெயரில் இவ்வளவு தருகிறேன் என்று நேர்ந்துகொள்வார்கள். அந்த நேர்ச்சை சரியா இல்லையா என்பது ஆலிம்கள் பேச வேண்டியது. நான் கடைக்காரன், கணக்கு முறையைப் பார்க்கிறேன். ஒவ்வொருவரும் தன் தொகையை எழுதி வைப்பார். கரை சேர்ந்ததும் தர்மசாலையின் ஊழியர்கள் கப்பலில் ஏறி, அந்தப் பட்டியலைப் பார்த்து வசூல் செய்வார்கள். உதவி கேட்டு வருகிற ஏழைக்கு, முத்திரை போட்ட சீட்டுக் கொடுப்பார்கள். இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும் என்று எழுதியிருக்கும். நேர்ந்தவர் பணத்தைக் கொடுத்து, சீட்டின் பின்பக்கம் வரவு எழுதி வாங்கிக்கொள்வார். 700 ஆண்டுகளுக்கு முன் ரசீது! தர்மம் என்றாலும் கணக்கு உண்டு. குர்ஆனிலேயே நீளமான வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதுதான் என்பதை இங்கே நினைவுபடுத்துகிறேன்.

எழுத்து அழிந்தபோது

இவ்வளவு செழிப்பாக இருந்த சமுதாயம் என்ன ஆனது? 1357இல் அந்த ஊரில் இருந்த பாரசீகப் படையினர் கிளர்ச்சி செய்தார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் சண்டை. ஒரு பிரிவு இன்னொரு பிரிவோடு மோதியது. 1366இல் கிளர்ச்சியை அடக்கியபோது, ஆயுதம் எடுத்தவன் யார், எடுக்காதவன் யார் என்று பார்க்கவில்லை. வெளிநாட்டு முகம் என்றாலே உயிருக்கு ஆபத்து. மிச்சமிருந்தவர்கள் உள்ளூர்க் கிராமங்களுக்குப் போய் ஒளிந்தார்கள். கப்ருகளின் மீஸான் கற்களைப் பிடுங்கி, ஊர் மதில் கட்டப் பயன்படுத்தினார்கள். பிறகு வந்த அரசு கடல் வணிகத்தையே தடை செய்தது. துறைமுகமும் மணல் தட்டியது. 1474இல் வணிக அலுவலகம் வேறு ஊருக்குப் போய்விட்டது.

ஒளிந்தவர்களின் சந்ததியைச் சந்தித்தேன். எனக்குச் சரக்குக் கொடுத்த தொழிற்சாலைக்காரர் செந்தாய் என்ற ஊரைச் சேர்ந்தவர். குடும்பப் பெயர் டிங். ஷம்சுத்தீன், ஸலாஹுத்தீன் என்று முடிகிற பெயர்களின் கடைசி ‘தீன்’தான் ‘டிங்’ ஆனது என்பது அவர்கள் நம்பிக்கை. அவர்களுடைய மூதாதையர் மண்டபத்தைக் காட்டினார். முஸ்லிம்களைக் குறிக்கும் சீன எழுத்தின் வடிவத்திலேயே, பெட்டிக்குள் பெட்டி போல அதைக் கட்டியிருக்கிறார்கள். 1979இல் சீன அரசும் அவர்களை ‘ஹுய்’, அதாவது முஸ்லிம் மரபினர் என்று ஏற்றுக்கொண்டது.

ஆனால் அவருக்குக் கலிமா தெரியாது. தொழுகை தெரியாது. பன்றி இறைச்சியும் சாப்பிடுகிறார். மூதாதையருக்குப் படையல் வைக்கிற நாளில் மட்டும் அந்த இறைச்சியைப் படையலில் சேர்ப்பதில்லை. ஏன் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். “அவர்கள் சாப்பிடமாட்டார்கள்” என்றார்.

சகோதரர்களே, அந்த ஒரு வார்த்தை என்னை உலுக்கிவிட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. 600 ஆண்டுகள் பயத்தில் வாழ்ந்த குடும்பம் அது. சொல்லிக் கொடுக்க ஆளில்லை, வைத்திருக்க ஏடு இல்லை, ஒன்றுகூட இடம் இல்லை. எல்லாம் போய், பாட்டனாருக்கு எது பிடிக்காது என்ற நினைவு மட்டும் நின்றிருக்கிறது.

ஒரு வாத்தியார் செய்த வேலை

அந்த மதிலுக்குள் போன கற்கள் திரும்பி வந்த கதையையும் கேளுங்கள். 20ஆம் நூற்றாண்டில் பழைய மதிலை இடித்தார்கள். உள்ளேயிருந்து அரபு எழுத்துள்ள கற்களும் சிலுவைக் கற்களும் இந்துக் கோயில் சிற்பங்களும் வந்தன. மக்கள் அவற்றைப் படிக்கட்டுக்கும் சுவருக்கும் எடுத்துப் போனார்கள். வூ வென்லியாங் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர், உயிரியல் பாடம் நடத்தியவர், அந்தக் கற்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். வீட்டில் வைத்துக் காத்தார். அரபியோ தமிழோ அவருடைய மொழி அல்ல. அந்த மார்க்கங்களும் அவருடையவை அல்ல. இது யாரோ ஒருவரின் பெயர், அழியக் கூடாது என்ற எண்ணம்தான். பிறகு எல்லாவற்றையும் பொதுவுக்குக் கொடுத்து, 1957இல் அவற்றைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இன்று உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் அதை நம்பித்தான் படிக்கிறார்கள்.

அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கிற மீஸான் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் பாட்டனார் பினாங்கில் கடை வைத்திருந்தவர். அவருடைய தகரப் பெட்டி ஒன்று பழைய வீட்டுப் பரணில் இருந்தது. கடிதங்கள், கணக்கு ஏடுகள், அரபுத்தமிழில் எழுதிய சில கையெழுத்துப் பிரதிகள். அரபு எழுத்தில் தமிழ். எங்கள் பாட்டியம்மாவுக்கு அது மட்டும்தான் படிக்கத் தெரியும். நான் வீட்டை இடித்துக் கட்டினேன். பெட்டியைத் திறந்து பார்க்கக்கூட நேரமில்லை. பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டேன். எவ்வளவு வந்தது என்றுகூட நினைவில்லை. முன்பின் அறியாத சீன ஆசிரியர் நம் முன்னோரின் கல்லைத் தோளில் சுமந்து காப்பாற்றியிருக்கிறார்; என் சொந்தப் பாட்டனாரின் எழுத்தை நானே தராசில் வைத்துவிட்டேன். இந்த மேடையில் இதைச் சொல்வது எனக்குப் பெருமை இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இன்னும் இருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

இது உணர்ச்சிக்காகச் சொல்கிற பேச்சு அல்ல. 2025இல் வக்ஃபு சொத்துகளை உமீத் இணையதளத்தில் பதிவு செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் கெடு. அப்போது ஆவணம் தேடி எத்தனை முத்தவல்லிகள் அலைந்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். யார் கொடுத்தது, எந்த ஆண்டு, எல்லை எது என்று கேட்டால், ‘பெரியவர்களுக்குத் தெரியும்’ என்கிறோம். அந்தப் பெரியவர்கள் மையவாடியில் இருக்கிறார்கள். கொடுத்தவர் நல்ல மனதோடு கொடுத்தார். நாம்தான் அந்தத் தாளை வைக்கத் தவறினோம். அல்லாஹ்வின் பெயரால் கொடுத்த நிலம் கைமாறிப் போவதற்குச் சூழ்ச்சிக்காரன் வேண்டாம், நம் மறதியே போதும்.

நான் கேட்பது மூன்று

முதலாவது, பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது பழைய கல்லை உடைக்காதீர்கள். எழுத்துள்ள எந்தக் கல்லானாலும், மரத்தூணானாலும், எடுத்து ஓரமாக வைத்து, படம் எடுத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். புதிய பளிங்கு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு ஜமாஅத்தும் தன்னிடமுள்ள பத்திரம், பழைய கணக்கேடு, நிக்காஹ் பதிவு எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து மூன்று இடங்களில் வைக்கட்டும். அந்தச் செலவை இந்த அறக்கட்டளை ஏற்க வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். என் கடை சார்பில் ஒரு ஸ்கேனர் வாங்கித் தருகிறேன், இன்ஷா அல்லாஹ். இதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கரை சேர்ந்ததும் வசூல் செய்யுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகளே, இது உங்களுக்கு. உங்கள் வீட்டில் வயதான பாட்டி, பாட்டனார் யாராவது இருந்தால், கைப்பேசியை எடுத்து அவர்கள் முன் உட்காருங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், யார் கப்பல் ஏறினார், யார் திரும்பவில்லை, எந்தக் குளத்துக்கு யார் நிலம் கொடுத்தார் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அரபுத்தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் விரல்விட்டு எண்ணக் கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

அந்த மூழ்கிய கப்பலின் மரத் துண்டை மனதில் வைக்கச் சொன்னேன். அந்தச் சரக்குக்காரர்கள் செத்துப் போனார்கள். மிளகு கடலோடு போனது. கப்பலும் போனது. பெயர் எழுதிய மரத் துண்டு மட்டும் நின்றது. பள்ளி கட்டியவர்களும் அப்படித்தான். அவர்கள் சம்பாதித்த பணம் எங்கே போனதோ தெரியாது. பொதுவுக்குக் கொடுத்ததும், கொடுத்ததை எழுதி வைத்ததும் இன்றைக்கும் தெருவில் நிற்கின்றன.

அந்த ஊரில் அடங்கியிருக்கிற, பெயர் தெரிந்த, பெயர் தெரியாத நம் கரைக்காரர்கள் அனைவருக்கும் அல்லாஹ் மஃக்ஃபிரத் செய்வானாக. நம் சந்ததிக்கு நம் மார்க்கமும் மொழியும் நினைவும் மூன்றும் குறைவில்லாமல் போய்ச் சேர அருள்புரிவானாக. நம் கொடுக்கல் வாங்கலில் பரக்கத்தையும் நம் கணக்கில் நேர்மையையும் தருவானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாம்.